இரண்டு முறை தீன் தின்ற சிவலை

மூன்று வருடங்களுக்கு முன், தைப்பொங்கல் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. இடம் தென்மராட்சியில் ஒரு சவாரித் திடல். எங்கள் வீடு கொடிகாமத்துக்குப் பக்கத்தில். என் கணவர் மாட்டு வண்டிச் சவாரிக்காரர். காளை பூட்டிய வண்டில்களை இரண்டு இரண்டாக ஓடவிட்டு, எது முந்துகிறது என்று பார்க்கிற பந்தயத்தைத்தான் நாங்கள் சவாரி என்போம்.

வண்டில் ஓட்டுகிறவர் அவர். மாட்டைப் பழக்கியவர் என்று ஒலிபெருக்கியில் சொல்வதும் அவரைத்தான். ஆனால் விடிய முன் எழும்பி ஊறின உழுந்தைப் பிண்ணாக்கோடு பிசைவதும், மாடுகளைக் குளத்துக்குக் கொண்டுபோய் நீந்த விடுவதும், குளம்பில் கல் ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதும் நான். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாடு போனபிறகு இந்த வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. சவாரி முடிந்தால் கப் அவருக்கு, சாணம் எனக்கு என்று பகிடியாகச் சொல்வேன். பகிடி பாதி, அலுப்பு பாதி.

அப்போது எங்களிடம் இருந்த சோடியில் இடப்பக்கம் பூட்டுகிறது வெள்ளையன், வலப்பக்கம் சிவலை. வெள்ளையன் அளவோடு தின்னும். பிடிக்காவிட்டால் வாளியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். சிவலை அப்படியில்லை. வயிறு நிறையத் தின்றுவிட்டும் ஆளைக் கண்டால் பட்டினி கிடந்ததுபோலக் கத்தும். அதன் கத்தலை நம்பினால் நாள் முழுக்கத் தீன் வைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அந்த வருடம்தான் அந்தச் சோடியை எல்லாவற்றிலும் பெரிய பிரிவான முதலாம் பிரிவில் ஓட விடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். இருபது வருடமாக அவருக்கு அந்த ஆசை. முழங்கால் தேய்ந்துவிட்டது. இன்னும் எத்தனை தை மாதம் வண்டிலில் ஏற முடியும் என்று அவருக்கே தெரியாது. எனக்கோ மார்கழியில் சிவலை முன்னங்காலை ஒருநாள் நொண்டிப் போட்டது மனதில் கிடந்து உறுத்தியது. இந்த முறை வேண்டாம், சித்திரையில் பார்ப்போம் என்றேன். உனக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார். அந்த மாட்டின் சாணத்தை வைத்தே அதன் உடம்பைச் சொல்லுகிற என்னைப் பார்த்துத்தான் கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நானும் நாலு வார்த்தை சொன்னேன். அதோடு பேச்சு நின்றது.

எங்கள் வீட்டில் பேச்சு நின்றால் மாடுகள்தான் தபால்காரர். அவர் சிவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டு, எனக்குக் கேட்கிற மாதிரி, “அவவிட்டைச் சொல்லு, நான் சந்தைக்குப் போறன் எண்டு” என்பார். நானும் வெள்ளையனைப் பார்த்து, போகிறவர் மண்ணெண்ணெய் வாங்கி வரட்டும் என்பேன். அயலில் உள்ளவர்கள் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அந்த முறை மாடுகள் வழியாகவும் பேசவில்லை. மூன்று நாள் முழு மௌனம்.

சவாரி நாள் விடிய நான் எழும்பும்போது அவரைக் காணவில்லை. மோட்டார் சைக்கிளும் இல்லை. சவாரிக்கு முன் தொண்டைமானாற்றுச் சந்நிதியானிடம் போய்த் திருநீறு வாங்கிவந்து மாடுகளுக்குப் பூசுவது அவர் வழக்கம். தொழுவத்துக்குப் போனால் சிவலை கத்துகிறது. முதல்நாள் நான் உழுந்து ஊறப்போட்ட பானை தொடப்படாமல் அப்படியே இருந்தது. கோபத்தில் தீன்கூட வைக்காமல் சாமி கும்பிடப் போய்விட்டார் மனுசன் என்று நினைத்தேன். திட்டிக்கொண்டே இரண்டு வாளியிலும் பிசைந்து வைத்தேன். சவாரி நாளில் அரை வயிறுதான் வைக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் மேல் இருந்த கோபத்தில் மாட்டின் மேல் பாசம் கூடிவிட்டது. ஒரு கை கூடுதலாகவே போட்டேன். வெள்ளையன் முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது. சிவலை தன்னுடையதையும் தின்று அதனுடையதையும் தின்றது. வாளிகளைக் கழுவிக் கிணற்றடியில் வைத்தேன்.

எனக்குத் தெரியாதது ஒன்று. அவர் என் பானையைத் தொட மனமில்லாமல், தானே தனியாக உழுந்து ஊறப்போட்டு, நாலு மணிக்கே அளந்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். மாடுகள் வாளியை நக்கித் துடைத்திருந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அவர் திருநீற்றோடு திரும்பி வந்தபின் புறப்பட்டு, ஒன்பது மணிக்குத் திடலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பிரதம விருந்தினர் வரப் பிந்தியது. வந்தபின் பேச்சு. அவருக்குப் பின் இன்னொருவர் பேச்சு. அதற்குள் மாடுகளைப் பூட்டி வரிசையில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வெய்யில் ஏறிவிட்டது. நான் வாளியில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். சிவலை ஒரே மூச்சில் குடித்தது. என் கணவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நுகக்கயிற்றை இறுக்கினார்.

மாட்டுக்கு வயிறு ஊதினால் இடப்பக்கம்தான் முதலில் மேடாகும். சிவலை வலப்பக்கத்து மாடு. பூட்டிவிட்டால் அதன் இடப்பக்க வயிறு இரண்டு மாட்டுக்கும் நடுவில் மறைந்துவிடும். வெளியில் நின்று பார்க்கிற எனக்கும், முன்னால் நின்ற அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் தன் வண்டிலோடு நின்ற ஒருவருக்குத்தான் தெரிந்தது.

அவர் உடுவில் பக்கத்துச் சவாரிக்காரர். அறுபது வயது இருக்கும். நாலு வருடமாக எங்களுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மாடுகளின் வயதைப் பல்லில் பார்த்துத்தான் பிரிவு பிரிப்பார்கள். சிவலைக்கு அடுத்த பல் முளைத்துவிட்டது, சின்னப் பிரிவில் ஓட விடக்கூடாது என்று அவர்தான் முறைப்பாடு சொன்னார். நடுவர்கள் எல்லோர் முன்னாலும் சிவலையின் வாயைத் திறந்து பார்த்து எங்களை மேல் பிரிவுக்கு அனுப்பினார்கள். தோற்றோம். உண்மையைச் சொன்னால் பல் முளைத்துத்தான் இருந்தது. எங்களுக்கும் தெரியும். ஆனாலும் கோபம் அவர் மேல்தான்.

அந்த மனுசன் தன் வண்டிலால் இறங்கி ஓடிவந்தார். “தம்பி, உடனை அவிழ். வலத்து மாடு ஊதுது” என்றார். என் கணவர் ஒரு கணம் முறைத்தார். அதற்குள் சிவலை பின்னங்காலால் தன் வயிற்றை உதைத்து, ஒரு மாதிரி முனகியது. நுகத்தைக் கழற்றியதும் பார்த்தோம். இடப்பக்கம் பானை கவிழ்த்ததுபோல நின்றது. வாயால் எச்சில் வடிந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

மாட்டு வைத்தியருக்கு ஒருவர் போன் எடுத்தார். வந்து சேர ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார் வைத்தியர். அதுவரை மாடு தாங்குமா என்பது அவருக்கும் தெரியவில்லை. உடுவில்காரர் காத்திருக்கவில்லை. திடல் ஓரத்தில் இருந்த மண்மேட்டில் சிவலையை முன்னங்கால் உயர நிறுத்தினார். வேப்பந்தடி ஒன்றை முறித்து வாய்க்குக் குறுக்கே வைத்து, கயிற்றால் கொம்புக்குப் பின்னால் கட்டினார். அது தடியைச் சப்பச் சப்பக் காற்று வெளியே வரும் என்றார். நாலு வருடத்துக்கு முன் அவரால் எல்லோர் முன்னாலும் திறக்கப்பட்ட அதே வாய். இன்று அவர் கை அதற்குள் இருந்தது.

சனம் கூடிவிட்டது. என்ன தின்றது என்று எல்லோரும் கேட்டார்கள். நாலு மணிக்கு அளந்துதான் வைத்தேன் என்று என் கணவர் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவர் என் பக்கம் திரும்பினார். மூன்று நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“விடியப்புறம் இவனுக்கு நீ ஏதும் தீன் வைச்சனியோ?”

“இல்லை” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. அத்தனை பேர் முன்னால், மாட்டைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்ட மனுசனிடம், ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. என் வீம்புதான் முந்தியது.

அந்த ஒரு சொல் செய்த வேலை பெரிது. நான் வைக்கவில்லை, அவர் வைத்தது அளவு. அப்படியென்றால் யாரோ ஏதோ கொடுத்திருக்க வேண்டும். சவாரிக்காரரின் புத்தி உடனே அங்கேதான் போகும். “ஆரோ என்னவோ குடுத்திட்டாங்கள்” என்றார் என் கணவர். சொல்லிவிட்டு உடுவில்காரரைப் பார்த்தார். கூட்டத்திலும் இரண்டு பேர், பின்னால் நின்றவர் அவர்தானே என்று முணுமுணுத்தார்கள். அவருக்குக் கேட்டிருக்கும். அவர் நிமிரவில்லை. இரண்டு கையாலும் சிவலையின் வயிற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அந்த நேரம் ஒலிபெருக்கியில் அவருடைய வண்டிலை அழைத்தார்கள். இரண்டாம் தரமும் அழைத்தார்கள். அந்த வருடம் அவருடைய சோடி முதலாவதாக வரும் என்று பலரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலையைத் தூக்கி, “என்ரையை விட்டிட்டு ஓடச் சொல்லுங்கோ” என்றார். அவ்வளவுதான்.

என் கணவரைத் தேத்தண்ணிக் கடைக்கு நல்லெண்ணெய் வாங்க அனுப்பினார். பிறகு என்னைப் பார்க்காமலே, தாழ்ந்த குரலில் சொன்னார்.

“தங்கச்சி, உது வாயில்லாச் சீவன். என்ன திண்டது எண்டு உது சொல்லாது. தெரிஞ்ச ஆள்தான் சொல்லவேணும். நஞ்செண்டால் வேறை வைத்தியம், தீனெண்டால் வேறை வைத்தியம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “நான்தான் வைச்சனான் அண்ணை. உழுந்தும் பிண்ணாக்கும். இரண்டு வாளியும் இவன்தான் திண்டவன்” என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். எண்ணெய் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக, புரையேறாமல், கடைவாயில் ஊற்றினார். கூட்டத்தைப் பார்த்து, “ஒருத்தரும் ஒண்டும் குடுக்கேல்லை. தீன் கூடிப்போச்சு” என்றார். யார் வைத்தது என்று சொல்லவில்லை. எத்தனை பேர் அதை நம்பினார்கள் என்று தெரியாது. நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அரை மணித்தியாலம் போயிருக்கும். சிவலை கழுத்தை நீட்டி ஒரு பெரிய ஏப்பம் விட்டது. அந்த நாற்றத்தில் கூட்டம் பின்வாங்கியது. எனக்கு அது சாம்பிராணிப் புகையாகத்தான் இருந்தது. பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. வைத்தியர் வந்து ஊசி போட்டுவிட்டு, இந்த மனுசன் இல்லாவிட்டால் நான் வந்து பார்க்க மாடு இருந்திருக்காது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் என் கணவரிடம் நேரே சொன்னேன். மாட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. நான்தான் வைத்தேன், பொய் சொன்னேன் என்றேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தெரியும். சந்நிதியாலை வரேக்கை வாளி கழுவிக் கிடந்தது. நான் வாளி கழுவிறேல்லை எண்டு உனக்கும் தெரியும். திடலிலை நீ இல்லை எண்டதும், அதை நம்பத்தான் மனம் விரும்பினது. வாளியைக் கண்ட உடனையே உன்னட்டைக் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் முதல் கதைச்சதாப் போயிடும் எண்டு கேக்கேல்லை. அப்பிடியே மாட்டைப் பூட்டிப்போட்டன்.”



மறுநாள் இரண்டு பேரும் உடுவிலுக்குப் போனோம். உடுவில்காரர் தொழுவம் கூட்டிக்கொண்டிருந்தார். என் கணவர், “அண்ணை, நேற்று நான் நினைச்சது பிழை. பல்லு விசயத்திலையும் பிழை எங்கடை” என்றார். உடுவில்காரர் விளக்குமாற்றை வைத்துவிட்டு, “சிவலை சாணி போட்டதோ?” என்று கேட்டார். போட்டது என்றேன். அப்படியென்றால் சரி, இருங்கோ தேத்தண்ணி குடிப்போம் என்றார். தன் சோடி ஓடாமல் போனதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. யார் தீன் வைத்தாலும் வாளியைக் கழுவித் தொழுவ வாசலில் கவிழ்த்து வைக்கவேண்டும். சண்டை அதற்குப் பிறகும் எத்தனையோ வந்துவிட்டது. வாளி மட்டும் தவறுவதில்லை.

இந்தத் தையிலும் சவாரி வருகிறது. சிவலைக்கு இதுதான் கடைசி ஓட்டம். வெள்ளையனுக்கு இன்னும் இரண்டு வருடம் போகும். அவருக்கு முழங்காலில் எண்ணெய் பூசிவிடுவதும் இப்போது என் வேலை. முதலாம் பிரிவில் கப் வரும் என்று அவர் இன்னும் நம்புகிறார். எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் இல்லை. நல்லபடியாக ஓடி, நல்லபடியாக வீட்டுக்கு வந்து சாணி போட்டால் போதும்.

இவ்வளவு காலம் கழித்து இதை எழுதக் காரணம் இருக்கிறது. போன வருடம் திடலுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் நிற்கும்போது, ஒருவர் உடுவில்காரரைக் காட்டி இன்னொருவருக்குச் சொன்னார், “உவர்தான் அந்தச் சிவலைக்கு என்னவோ குடுத்தவர்” என்று. என் கணவர் தெரிந்தவர்களுக்கெல்லாம் உண்மையைச் சொல்லியும் அந்தக் கதை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நான் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றேன். அன்றைக்கும் வாய் திறக்கவில்லை.

பெயர் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் எங்கள் பக்கத்துச் சவாரிக்காரர் யார் வாசித்தாலும் ஆளைத் தெரிந்துகொள்வார்கள். சிவலைக்கு இரண்டாம் முறை தீன் வைத்தது நான். இல்லை என்று பொய் சொன்னதும் நான். அந்த மனுசன் வாயில்லாச் சீவன் என்று சொன்னது மாட்டைத்தான், ஆனால் வாய் இருந்தும் மூன்று வருடம் பேசாமல் இருந்த என்னைத்தான் அந்த வார்த்தை இன்றும் சுடுகிறது.