மெயினை இறக்கிய ஞாயிற்றுக்கிழமை

பழைய ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்து ஒரு வாரமாகியும், புது கம்ப்யூட்டரை ஓட்ட எந்த லினக்ஸ் போடுவது என்று நானும் தம்பியும் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த டிஸ்கில்தான் அப்பாவின் குரல் இருந்தது. தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்குப் பேச்சு இல்லை. அவர் பேசிய நாட்களில் எடுத்த வீடியோக்கள் வேறெங்கும் கிடையாது. கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் கம்பெனி கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து, புது டிஸ்க் மாட்டியிருந்தேன். எல்லாவற்றையும் அதில் ஏற்றி, வீட்டில் யார் போனிலும் பார்க்கிற மாதிரி சர்வர் ஆக்குவதென்று திட்டம். சர்வர் என்ற சொல்லுக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

"படம் தெரியறதா போடுக்கா. கருப்பு ஸ்கிரீன வச்சிக்கினு நீ இன்னா பண்ணுவ?" என்றான் தம்பி. அவன் இருப்பது பெங்களூரில். அவன் சொன்ன லினக்ஸ் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுமாம். எனக்கு எரிச்சலாக வந்தது. இங்கே கடம்பத்தூரில் கரண்ட் போனால் கொசுக்கடியில் உட்காரப்போவது நான்தானே.

"அடிக்கடி மாறக் கூடாது. கரண்ட் வந்தா தானா எழுந்துக்கணும். அவ்ளோதான்" என்று சொல்லி டெபியன் என்கிற லினக்ஸைப் போட்டேன். அவன் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் போகட்டும்.

போடும்போது, எந்த டிஸ்கை அழிக்கட்டும் என்று அது கேட்டது. பழைய டிஸ்கின் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் எண்டரைத் தட்டினேன்.

ஞாயிறு காலை பழைய டிஸ்கை மறுபடி மாட்டி, வீடியோக்களைப் புதுசுக்குக் காப்பி பண்ண விட்டேன். ஆமை வேகம். அதை ஓடவிட்டு எல்லோரும் திருப்பாச்சூர் கோயிலுக்குப் போனோம். திரும்பி வந்து கதவைத் திறந்தால் டிக் டிக் சத்தம் இல்லை.

அப்பா இரும்பு உருக்கும் ஃபவுண்டரியில் வேலை பார்த்தவர். கடைசியாக வெளியே வருகிறவன் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வீட்டைப் பூட்டியது அவர்தான்.

"இன்னாப்பா பண்ணி வச்சிக்கிற? உன் கொரலுதான்பா அதுல இருந்திச்சி" என்று கத்தினேன். பதில் சொல்ல முடியாதவரிடம் கத்துகிறோமே என்று உறைத்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. அவர் சாவியைக் கையில் வைத்தபடி நின்றார்.

மெயினை ஏற்றினேன். டெபியன் தானாக எழுந்தது. பழைய டிஸ்க் இரண்டு முறை முக்கிவிட்டு அடங்கிப்போனது. அதோடு சரி.

புது டிஸ்கில் பாதிக்கும் குறைவாகத்தான் வந்திருந்தது. அதில் அப்பா பேசுவது ஒன்றே ஒன்று. அதைத் தட்டினேன்.

"அல்லாரும் ஆட்டோல ஏறி குந்திக்கினீங்க. மெயின எறக்குனது யாரு? ஊடு பத்திக்கினா எங்கப்பனா வந்து அணைப்பான்?"

அப்பா விரலைச் சுழற்றி, இன்னொரு தரம் போடு என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அன்றே அதைத் தம்பிக்கும் அனுப்பி வைத்தேன்.

அடுத்த முறை வெளியே கிளம்பும்போது அப்பா மெயின் பக்கத்தில் போய் நின்றார். கையைத் தூக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"எறக்குப்பா" என்றேன். "அது தானா எழுந்துக்கும்."