ஓடைக்கரைக் காந்தள்

ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் சங்கரன்கோவில் பஸ் ஏறினேன். தூரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். எழுபதுகளின் கடைசி வருடங்களில் ஒன்று அது. கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தேன். காந்தள் பூப்பதைப் பார்த்து, எங்கெங்கே எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று குறித்து வரத்தான் இந்தப் பயணம்.

மானூர், தேவர்குளம் தாண்டிப் பனவடலிசத்திரம் வரும்வரை ஜன்னலோரம் கண்ணை எடுக்கவில்லை. நான்கு வருடங்களுக்கு முன் இதே சாலையில் வேலிக்கு வேலி சிவப்பாக எரிந்துகொண்டிருந்த செடி. இப்போது கிளுவையும் கள்ளியும் வெறுமனே நின்றன. காந்தள் எல்லாம் எங்கே என்று பக்கத்தில் இருந்த பெரியவரிடம் கேட்டேன்.

“கண்வலிக்கிழங்கா? அதெல்லாம் தோண்டிட்டானுவம்மா. வடக்கேருந்து ஒரு வியாபாரி வந்து மூடை மூடையா வாங்குதான்.”

சங்கரன்கோவிலில் என் பழைய ஹாஸ்டல் தோழி எஸ்தர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். அவள் வீட்டில் பையைப் போட்டுவிட்டு, மதியம் குருவிகுளம் போகும் டவுன் பஸ்ஸில் போய் நடுவழியில் இறங்கினேன். அங்கிருந்து கிழக்கே இரண்டு மைல் நடை. மழை ஈரத்தில் கரிசல் மண் செருப்பில் அப்பி, காலைத் தூக்கவிடவில்லை.

ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் ஒரு கணவனும் மனைவியும் கடப்பாரையால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவன் பெயர் மூக்கையா, அவள் பேச்சி. கரை நெடுகிலும் குழிகள். குழிகளின் ஓரத்தில், இதழ்களை மேல்நோக்கி வளைத்துப் பாதி மஞ்சளும் பாதி சிவப்புமாக, கொடிகள் வாடிக் கிடந்தன.

“எங்கேருந்து வாறிய?” என்றான் மூக்கையா.

சொன்னேன். கிழங்கை வாங்கிக்கொண்டு போய் வியாபாரி என்ன செய்கிறான் என்று கேட்டேன்.

“அவங்க ஊருல பந்தல் போட்டு நடுதாங்களாம். விதை கப்பல்ல போகுதாம், மருந்துக்கு. காட்டு வேலைக்குப் போற கூலியைவிட இதுல கூடக் கிடைக்கு டீச்சர்.”

பூ இருந்தால்தான் செடி எங்கே இருக்கிறதென்று தெரியும். ஆகவே பூக்கும்போதே தோண்டுகிறார்கள். காய் முற்றி விதை விழுவதற்குள் செடி போய்விடுகிறது. கிழங்கின் நுனியில்தான் முளை. அது ஒடிந்தால் வியாபாரி எடுக்கமாட்டான், மண்ணில் போட்டாலும் முளைக்காது. ஆப்பிரிக்கா தொடங்கி நம் கரிசல் காடுவரை தானாகப் பரவிய ஒரு செடியினம், இந்தப் பக்கத்தில் நான்கே மழைக்காலத்தில் துடைத்தெடுக்கப்பட்டிருந்தது. ஓடையின் வளைவில் மட்டும், உடைமரத்தடியில், ஒரு புதர் நிறையப் பூத்து நின்றது.

“அதையாவது விட்டுவையுங்கள். மார்கழியில் விதை விழட்டும்” என்றேன்.

மூக்கையா மனைவியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். “சரி டீச்சர், அந்த வளைவை விட்டுருதேன். நீங்க இம்புட்டுத் தூரம் நடந்து வந்து கேக்கிய.”

சனிக்கிழமை காலை எஸ்தர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பினாள். போனேன். கட்டிலில் மூக்கையா சுருண்டு கிடந்தான். வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. உதடு வெடித்திருந்தது.

பேச்சி அழுதுகொண்டே சொன்னாள். முந்தின நாள் சாயங்காலம் அவள் வியாபாரியிடம் கிழங்கு நிறுக்கப் போயிருக்கிறாள். சந்தையில் வாங்கிய சீனிக்கிழங்கு, அதாவது சர்க்கரைவள்ளி, வீட்டில் ஒரு சாக்கில் கிடந்தது. வியாபாரி கழித்துப் போட்ட ஒடிந்த துண்டுகளையும் யாரோ அதே சாக்கில் கொட்டியிருக்கிறார்கள். பசியோடு வந்தவன், இருட்டில், மண் அப்பிய எல்லாவற்றையும் கழுவி ஒன்றாக அவித்துவிட்டான்.

அவன் கண் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டான். “கொஞ்சம் கசந்துது டீச்சர். பிள்ளைக்கு வேண்டாம்னுட்டு நானே தின்னுட்டேன்.”

அவனுக்கு ஐந்து வயதில் ஒரு மகள். வாசலில் நின்றிருந்தாள்.

பிழைப்பானா என்று வராந்தாவில் எஸ்தரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஏட்டி, நீ பாடத்துல நடத்துத விஷந்தான இது? இதுக்கு முறிவு ஏதும் இருக்கா?” என்று அவள் என்னையே திருப்பிக் கேட்டாள். இல்லை என்றேன். டாக்டரும் அவளும் குளுக்கோஸ் ஏற்றி, இரவு பகல் பாராமல் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் இறந்துபோனான். அன்று மாலையே அடக்கம் செய்தார்கள். நான் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். பேச்சி என் மடியில் தலையை முட்டி முட்டி அழுதாள்.

திங்கள் காலை, சொல்லிக்கொண்டு கிளம்பலாமென்று மறுபடி அந்த ஊருக்குப் போனேன். மூக்கையாவின் அண்ணன் சுடலை அரிவாளும் மண்வெட்டியுமாக ஊர்க்காரர்கள் சிலரோடு ஓடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், நீங்களும் வாங்க. பூத்தது எங்களுக்குத் தெரியும். பூக்காதது எங்கன எங்கன இருக்குன்னு நீங்கதான் காட்டணும்.”

“அண்ணாச்சி, தொட்டா ஒண்ணும் செய்யாது. தின்னாத்தான்...”

“தின்னவன் செத்துட்டாம்லா.” அவர் குரலை உயர்த்தவில்லை. “பிள்ளைக ஆடு மேய்க்குத கரை டீச்சர் அது. எம் தம்பி பிள்ளையும் அங்கனதான் திரியும்.”

உலகத்துக்கு இந்தச் செடி ஏன் வேண்டும் என்று வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுவேன். அன்று அவர்கள் பின்னால் ஓடைக்கு நடந்தேன்.

வளைவில் மூக்கையா எனக்காக விட்டுவைத்த புதரை முதலில் பிடுங்கினார்கள். நான் குனிந்து ஒரு கொடியை எடுத்து இலையைக் காட்டினேன். “நுனி இப்படிச் சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடிக்கும். அதுதான் அடையாளம்.” அதற்குப் பிறகு நான் தேவைப்படவில்லை. உடைமுள்ளுக்குள்ளும் கோரைக்குள்ளும் கைவிட்டுத் தடவி, சுண்டுவிரல் உயரத் தளிரைக்கூட அவர்கள் கண்டுபிடித்தார்கள். எல்லாவற்றையும் குவித்துத் தீ வைத்தார்கள். ஈரக்கொடி எரியாமல் புகைந்தது. சுடலை மண்ணெண்ணெய் ஊற்றினார்.

பேச்சியின் மகள் ஒரு தளிரைக் கையில் கொண்டுவந்து நீட்டினாள். “இதுவா டீச்சர்?”

வேறு ஏதோ புல் என்று சொல்லியிருக்கலாம். இலை நுனி சுருண்டிருந்தது. “ஆமா மக்கா” என்று வாங்கி நானே நெருப்பில் போட்டேன். அவள் கையைக் கழுவிவிட்டதும் நானே, ஓடைத்தண்ணீரில், ஒவ்வொரு விரலாக.

மதியம் பஸ்ஸில் திரும்பினேன். எங்கள் கல்லூரித் தோட்டத்தில் கம்பிவலைக்குப் பின்னால் காந்தள் இருக்கிறது. பெயர்ப்பலகை உண்டு, தண்ணீர் ஊற்ற ஆள் உண்டு. அங்கே அது பிழைத்துக்கொள்ளும். சங்கரன்கோவில் பக்கம் அந்த ஓடைக்கரைக்கு நான் அதன்பின் போகவில்லை. போனால் அங்கே ஒரு தளிராவது முளைத்திருக்க வேண்டும் என்று விரும்புவேனா, கூடாது என்று விரும்புவேனா, எனக்கே தெரியவில்லை.