இரண்டாவது துளையில் கேட்டது

கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலையில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் ஆறு மின் பியானோக்கள். ஆறு பேர் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். ஆனாலும் அறையில் சங்கீதம் இருக்காது. எல்லோர் காதிலும் ஹெட்போன். வெளியே கேட்பதெல்லாம் கட்டைகள் அமுங்கும் டக், டக். அரிசியில் கல் பொறுக்கித் தட்டில் போடுவது போல ஒரு சத்தம்.

ஒவ்வொரு பியானோவிலும் ஹெட்போனுக்கு இரண்டு துளைகள். ஒன்று வாசிப்பவருக்கு, மற்றது எனக்கு. கழுத்தில் ஹெட்போனைத் தொங்கவிட்டபடி முதுகுகளுக்குப் பின்னால் நடப்பேன். இரண்டாவது துளையில் வயரைச் செருகினால் ஒருவர் தனக்குள்ளேயே வாசித்துக்கொண்டிருப்பது எனக்கு மட்டும் கேட்கும். ஒட்டுக்கேட்கிற உத்தியோகம் என்று என் தோழி கேலி செய்வாள். வகுப்பை ஆறு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் தொடங்கினோம். அவள் யாழ்ப்பாணத்துக்காரி, கண்டியில் வாழ்க்கைப்பட்டவள், ஞாயிறு தோறும் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவள். நான் அவளை நீ என்பேன், அவள் என்னை நீர் என்பாள். அதில் எங்களுக்குள் தூரம் எதுவும் இருந்ததில்லை.

கதவில் ஒரு காகித மட்டை தொங்குகிறது. என் கையெழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும்: இங்கே பரீட்சை இல்லை. இந்த ஊரில் பியானோ என்றாலே எத்தனையாவது கிரேட் என்றுதான் அடுத்த கேள்வி வரும். நாங்கள் அந்தக் கேள்வி வேண்டாம் என்றோம். வளர்ந்தவர்கள், ஆசைக்கு, கூட்டமாக, சனிக்கிழமை காலை ஒன்றரை மணிநேரம். ஒரு தாதி வந்தார். தபாற்கந்தோரில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா வந்தார். மடவளையில் செருப்புக் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். இன்னும் மூன்று பேர்.

அந்த மட்டையை ஏன் எழுதினேன் என்பது ஒருத்திக்குத்தான் தெரியும். பதினைந்து வயதில் நான் பரீட்சைக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் பென்சிலோடு ஒருவர். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் கை நின்றது. மறந்து போகவில்லை, நின்றுவிட்டது; என் மணிக்கட்டுக்குக் கீழே வேறு யாருடைய கைகளோ கிடந்தன. போதும், நன்றி என்றார் அவர், மிக மரியாதையாக. பிறகு பதினொரு வருஷம் நான் ஒரு கட்டையையும் தொடவில்லை. வாவிக்கரை வாங்கில் உட்கார்ந்து ஒரு மாலை தோழியிடம் இதைச் சொன்னேன். என்னைவிட அவள்தான் அதிகம் அழுதாள்.

பல்லேகலயில் கிரிக்கெட் மேட்ச் நடக்கும் நாட்களில் ரோட்டு அடைத்துவிடும். ஒரு சனிக்கிழமை அதற்குப் பயந்து வேளையோடு கிளம்பி, பத்து மணி வகுப்புக்கு எட்டரைக்கே வந்துவிட்டேன். ஆள் இல்லாத அறையில் சும்மா உட்கார எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பியானோவாகத் துடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவதில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. பியானோவின் நினைவில் ஏதோ பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். வகுப்பில் நாங்கள் அந்தப் பதிவுப் பட்டனைத் தொடுவதே இல்லை. என் துளையில் வயரைச் செருகி ஓடவிட்டேன்.

ஒரு ஸ்கேல், சுத்தமாக. அதே ஸ்கேல், தடுமாறி. பிறகு நடனப் பாட்டு ஒன்றின் நாலு வரி, சுத்தமாக. அதே நாலு வரி, தடுமாறி. சுத்தமாக வாசித்தது யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஓர்கன் பழகிய கை அது. கட்டையை விட மனமில்லாமல் அடுத்தது வரும்வரை அழுத்திக்கொண்டே இருக்கும். தடுமாறியதும் தெரிந்த கைதான். நாலாம் விரல் வரும் இடத்தில் செருப்புக் கடைக்காரர் ஒரு மூச்சு தாமதிப்பார், எப்போதும்.

பாட்டும் எனக்குத் தெரிந்த வகை. பரீட்சைக்குக் கொடுக்கிற பாட்டு.

மற்றவற்றையும் பார்த்தேன். ஆறில் நாலில் பச்சை விளக்கு. ஒரு சாவி என்னிடம், ஒன்று அவளிடம். வகுப்பில்லாத ஏதோ ஒரு நாளில், எங்கள் அறையில், கீழே கடைக்கும் கேட்காமல், இது நடந்திருக்கிறது. பதிவை ஏன் அழிக்காமல் விட்டார்கள் என்பது வகுப்பு தொடங்கிய பிறகுதான் விளங்கியது. வீட்டில் பியானோ இல்லாதவர்கள். என்னுடைய சனிக்கிழமையில், நான் பின்னால் நடந்துகொண்டிருக்கும்போதே, ஹெட்போனுக்குள் அவளைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். நான் வயரைச் செருகும்போது ஒரு சின்ன டிக் கேட்கும். அன்று மூன்றாவது பியானோவில் வேண்டுமென்றே மெதுவாகச் செருகினேன். டிக். செருப்புக் கடைக்காரரின் விரல்கள் அந்த நொடியே நான் கொடுத்த பாட்டுக்குத் தாவின. இதை எத்தனை வாரம் கேட்டிருப்பேன். நல்ல முன்னேற்றம் என்று தோளில் தட்டியும் இருக்கிறேன்.

வகுப்பு முடிந்து அவரை மட்டும் நிற்கச் சொன்னேன். மறைக்கவில்லை. புதன்கிழமை பின்னேரங்களில், மூன்று மாதமாக, நாலு பேர் என்றார். இன்னும் ஒன்பது நாளில் பரீட்சையாம்.

"ஓ லெவல்ல எனக்கு ஒரு பாடமும் பாஸ் இல்ல மிஸ். கடச் செவுத்துல மாட்ட என்ட பேர் போட்ட சேட்டிபிகேட் துண்டு ஒண்டு இல்ல. இதுலயாவது வரட்டுமே எண்டுதான்."

அதைக் கேட்க எனக்குக் கோபம் வரவில்லை. அப்படியானால் எனக்கு ஏன் சொல்லவில்லை என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"மத்த மிஸ்தான் வாணாமிண்டாங்க. சின்ன வயசுல எக்ஸாம்ல உங்கட கை வெறச்சுப் போச்சாமே. அதக் கேட்டு எங்க எல்லாருக்கும் பாவமாப் போச்சு மிஸ்."

பாவமாப் போச்சு. படிகளில் இறங்கும்போது அந்தச் சொல் எனக்கு முன்னால் இறங்கியது. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தது. எல்லோரும் எப்போதிலிருந்து என்னைப் பாவம் பார்க்கிறார்கள்? நான் சொன்ன பகிடிக்குச் சிரித்ததும் அதற்காகத்தானா? கட்டைகளைப் பார்க்காமல் வாசிக்கப் பழக்கியபோது, பாவம், பிழையைப் பார்க்கப் பயப்படுகிறாள் என்று நினைத்திருப்பார்களா? அவர்களுடைய முதுகுகளைத்தான் இத்தனை நாளும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

"சொல்லியிருந்தா நீர் வகுப்பையே மூடிப்போட்டுப் போயிருப்பீர்."

"அந்தக் கதைய ஏன் சொன்ன?"

கொஞ்ச நேரம் உருவினாள். "வேற என்னத்தைச் சொல்ல? அவையள் கேட்டவை, ஏன் மிஸ்ஸுக்குப் பரீட்சை பிடிக்காது எண்டு. காரணம் தெரிஞ்சா உம்மில கோவிக்க மாட்டினம் எண்டு நினைச்சன்." பிறகு கை நின்றது. "உமக்கு ஒருநாள் கை நிண்டதுக்கு, அந்த மனிசன் ஏன் காலத்துக்கும் பேப்பர் ஒண்டில்லாமல் இருக்க வேணும்?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது என்பதுதான் இன்றுவரை என்னை எரிக்கிறது. நியாயத்தை அவள் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். வாவிக்கரையில் நான் கொடுத்ததை எடுத்துக் கண்டவர் கையில் கொடுத்திருக்க வேண்டாம். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். குடிக்கவில்லை. பதிமூன்று வருஷப் பழக்கத்தில் அதுதான் முதல் தடவை.

வீடு திரும்பும் வழியில் ஒன்று உறைத்தது. அவள் யோசிக்காத ஒன்று. அந்த நாலு பேரும் ஹெட்போன் இல்லாமல் ஒருநாள்கூட வாசித்ததில்லை. பரீட்சை அறையில் இருக்கப்போவது திறந்த பியானோ. தட்டினால் சுவர் அதிரும், பென்சில்காரர் கேட்பார், வெளி வாங்கில் காத்திருப்பவர்களும் கேட்பார்கள். தேவாலயம் நிறைய ஜனங்களுக்கு வாசித்துப் பழகியவளுக்குத் தன் சத்தத்துக்கே பயப்படுவது என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும். அடுத்த சனிக்கிழமை வரை அதை யாருக்கும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், சொல்லாமல் இருப்பது இனித்தது. நாலு நாள் அதைக் கற்கண்டு போல வாயில் அடக்கி வைத்திருந்தேன்.

சனிக்கிழமை வந்தது. செருப்புக் கடைக்காரர் சட்டையைத் தேய்த்துப் போட்டு வந்திருந்தார், பரீட்சைக்குப் போவது போலவே. உட்கார்ந்ததும் இரண்டு கையையும் தொடையில் துடைத்தார். அந்தக் கைகளைப் பார்த்தேன். வாயில் இருந்தது கசந்தது.

"எல்லாரும் ஹெட்போனக் கழட்டுங்க" என்றேன். "ஒவ்வொருத்தரா, அந்தப் பாட்டு. புதன்கிழமைப் பாட்டு."

ஆறு வயர்களும் துளைகளை விட்டு வந்தன. கடைக்காரர்தான் தொடங்கினார். முதல் வரி அறை நிறைய வந்தது. கீழே கடையில் பைப் அறுக்கும் சத்தம் நின்றது. இரண்டாவது வரியில் அவர் கை நின்றது. அதே இடம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனால் இரண்டாவது வரி. தன் சத்தத்தைத் தானே கேட்கத் தொடங்கும் இடம் அது. போதும் என்று நான் சொல்லவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை.

"திரும்ப."

நின்றார். திரும்ப. மூன்றாம் தடவை பாதி வரைக்கும் போனார். தபாற்கந்தோர் அம்மா மெதுவாகச் சொன்னார்: "ஏங்க, இத்தன வருஷமும் நாம இவ்வளவு மோசமாவா வாசிச்சோம்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது பாவம் பார்த்துச் சிரித்ததா என்று எண்ணிக்கொண்டேதான் சிரித்தேன்.

ஐந்தாவது தடவை வாசிக்கும்போது கதவின் கண்ணாடியில் ஒரு நிழல். தோழி படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடமும் சாவி இருந்தது. நுழையவில்லை. மட்டையின் பின்பக்கம் எனக்கும், எழுதிய பக்கம் அவளுக்கும் தெரிந்தன. கடைக்காரர் நாலாம் விரலில் ஒரு மூச்சு தாமதித்து, தாண்டி, கடைசி வரிக்குப் போனார். கதவுக்கும் எனக்கும் நாலு எட்டுத்தான் தூரம். நான் எழுந்து திறக்கவில்லை. பாட்டு முடியும்வரை அவள் நின்று கேட்டாள். பிறகு படிகளில் அவள் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. "இன்னொருக்கா" என்றேன் கடைக்காரரிடம்.