ஏழாம் நம்பர் வண்டி விட்ட மூச்சு

கோல்ஃப் மைதானத்து வண்டிக் கொட்டகையில் அவனை எல்லாரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளம் போடுகிறவருக்கே அவனுடைய சொந்தப் பெயர் பாதி மறந்துவிட்டது. பெட்ரோலில் ஓடும் அந்தக் குட்டி வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் போதும், சோறு தண்ணி மறந்து பேசுவான். ஏழாம் நம்பரைப் பற்றி மட்டும் கேட்டுவிடக் கூடாது. "வேலை கெடக்கு, போங்கய்யா" என்று எரிந்து விழுவான்.

விழாமல் என்ன செய்வான்? அந்த வண்டியில் போனபோதுதான் அவனுடைய அண்ணனுக்கு உயிர் போனது.

அண்ணனுக்கு அதே கொட்டகையில் வண்டி கழுவும் வேலை. கதவில் நசுங்கிக் கோணலாகத் தழும்பேறிய கட்டைவிரலால் குழாய் முனையை அழுத்திப் பிடித்தால் சக்கரத்து இடுக்கில் ஒட்டிய புல்லைக்கூட விட்டுவைக்க மாட்டான். "என்னண்ணா, இதைப் பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று தம்பி சீண்டுவான். "ஆமாடா, உனக்குத்தான் பேசி முடிச்சிருக்கேன். மனுசப் பொண்ணு எவ உன்னைக் கட்டிக்குவா?" என்பான் அண்ணன். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் தெருவரைக்கும் கேட்கும்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம். சலவைத் துண்டுகளை ஏற்றிக்கொண்டு குளத்து வளைவுவரை போன அண்ணன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை நிறுத்திவிட்டான். அந்த வண்டிகளின் குணம் அப்படி: மிதியை அழுத்தினால் எஞ்சின் கிளம்பும், காலை எடுத்தால் எஞ்சினும் நின்றுவிடும். புல் வெட்டுகிறவர் ஓடிவந்து, அண்ணனைப் பக்கத்து இருக்கையில் சாய்த்துவிட்டு மிதியை அழுத்தினார். கர்ர்... கர்ர்... என்று சுற்றியதே தவிர எஞ்சின் பிடிக்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதே வாரம், அதற்கு முன்னால்தான், அந்த வண்டியைப் பிரித்துப் பார்த்து, "ஒரு குறையும் இல்ல, ஓட்டலாம்" என்று அனுப்பியவன் ஸ்பானர்.

அண்ணி அவனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை! 'தம்பி' என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. "சோறு எடுத்து வச்சிருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். மைதானத்திலும் துண்டு மடிக்கும் அறையில்தான் அவளுக்கு வேலை. வழியில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். படுத்தால் அவன் காதுக்குள் கர்ர்... கர்ர்... என்று சுற்றும். தலையணையால் காதைப் பொத்திக்கொண்டால் இன்னும் பக்கத்தில் கேட்கும்.

வண்டியும் அவனை விடவில்லை. காலையில் கொட்டகையில் ஒரே மிதியில் கிளம்பும். குளத்து வளைவில் யாராவது நிறுத்தினால் போச்சு, மறுபடி கிளம்பாது. கொஞ்ச நேரம் விட்டுவைத்தால் ஒன்றும் அறியாத பிள்ளைபோல ஓடும். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. "அவரு எறங்க மாட்டேங்குறாரு, அதான் நகர மாட்டேங்குது" என்றார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஸ்பானர் அதட்டினான். அதட்டும்போதே அவனுக்கு முதுகு சில்லிட்டது.

காரணம், வெளியே சொல்லாத ஒன்று இருந்தது. மற்றவர்களுக்கு நின்ற இடத்தில் நிற்கும் வண்டி, அவன் போனதும் கிளம்பிவிடும். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பான், மிதியை அழுத்துவான், உடனே உயிர் வந்துவிடும். "இப்ப ஓடி வர்றியே, அன்னிக்கு எங்கடா போனே?" என்று அண்ணன் கேட்பதுபோல இருக்கும். பொறி விடும் பிளக்கை மாற்றினான், அதற்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றினான், பெட்ரோல் பம்பை மாற்றினான். பயம் மட்டும் மாறவில்லை.

"நாளைக்கு அது பழைய இரும்புக்குப் போகுது. மண்டையைப் போட்டு ஒடச்சுக்காதே" என்றார் சூப்பர்வைசர்.

ஸ்பானர் ஏழாம் நம்பரைத் திரும்பிப் பார்த்தான். வண்டி போய்விட்டால் உண்மையும் அதோடு போய்விடும். அண்ணனைக் கொன்றது தன் கைதானா என்று சாகும்வரை தெரியாது. அன்று மத்தியானமே ஏழாம் நம்பரை வெளியே எடுத்தான். துண்டு அறை வாசலில் நின்றிருந்த அண்ணி, கேட்காமல் கொள்ளாமல் வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். அவன் மிதியை அழுத்தினான்.

குளத்து வளைவில் காலை எடுத்தான். நின்றது. மறுபடி அழுத்தினான். கர்ர்... கர்ர்...

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். "இப்படித்தானா அன்னிக்கும்?" என்றாள், யாரையோ கேட்பதுபோல.

அவன் இருக்கையைத் தூக்கிப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். பொறி நன்றாகவே வந்தது. பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிட்டுச் சுற்றவிட்டான். ஒரு சொட்டு வரவில்லை. காலையில்தானே என் கையால் ஊற்றினேன் என்று பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திருகினான். வேறு நாளாயிருந்தால் கூடவந்தவன் எவனாவது காதருகே தொணதொணவென்று பேசிக்கொண்டிருப்பான். அன்று அண்ணியின் மௌனம்தான் இருந்தது. அதனால் அவனுக்குக் கேட்டது.

"ஹா..."

ஒரு நீண்ட மூச்சு.

"யாரு?" என்றாள் அண்ணி, சட்டென்று திரும்பி.

யாருமில்லை, காற்று. மூடியில் காற்றுப் போக ஒரு பொடித் துளை உண்டு. அது அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறைய வெளிக்காற்று உள்ளே வர வழியில்லாமல் தொட்டி இறுகிக்கொள்ளும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது. மூடியைத் திறந்தால் சரியாகிவிடும். சும்மா விட்டாலும் மெள்ளக் காற்றுக் கசிந்து சரியாகிவிடும். அட மடையா! ஒவ்வொரு தடவையும் முதல் வேலையாக மூடியைத் திறந்து நோயைத் தானே தீர்த்துவிட்டு, அப்புறமல்லவா நோயைத் தேடியிருக்கிறான்!

மூடியைக் கவிழ்த்துத் துடைத்தான். துளை தானாக அடைபடவில்லை. சாம்பல் நிறப் பசையை யாரோ உள்பக்கமாக வைத்து அழுத்தியிருந்தார்கள். கல்லாக இறுகிய பசையில் ஒரு கட்டைவிரல் ரேகை. அதன் குறுக்கே கோணலாக ஒரு வெட்டு. கொட்டகைக் கதவில் நசுங்கிய அண்ணனின் விரல் அது. கழுவுகிற தண்ணீர் பெட்ரோலில் இறங்கிவிடக் கூடாதென்று, பாவி, பார்த்துப் பார்த்து அடைத்திருக்கிறான்.

முதலில் அவனுக்கு வந்தது சந்தோஷம்தான். நான் இல்லை, என் கை இல்லை! கத்த வேண்டும்போல இருந்தது. வாயைத் திறந்தவன் அண்ணியின் முகத்தைப் பார்த்தான். உன் புருஷன் தன் கையாலேயே தனக்கு வழியடைத்துக்கொண்டான் என்று எந்த நாக்கால் சொல்வது? மூடியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டான்.

"என்ன இருந்துச்சு?"

"மூடியில அடைப்பு அண்ணி. நான்தான் அன்னிக்குச் சரியாப் பாக்கல. என் தப்புதான்."

அண்ணி கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. அவள் அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மூடியை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் மெதுவாக வைத்து, அப்படியே வைத்திருந்தாள். குளத்துத் தண்ணீர் கரையில் மோதிக்கொண்டிருந்தது.

"இது உங்க வெரல் இல்லையே, தம்பி" என்றாள்.