அம்பரோவின் கைநாட்டு

புராவோ ஒட்டகச் சந்தையின் வடக்கு வாசலில் எனக்கு டீக்கடை. வலப்பக்கம் அம்பரோ பால் விற்கிறாள். பதினொரு வருடமாக அவள் பாலில்தான் என் டீ, என் டீயில்தான் அவளுக்குப் பொழுது விடியும். அவளைப் பற்றி ஊர் பேசுவதில் பாதி பொய். கஞ்சப்பிசினாறி என்பது மட்டும் உண்மை.

கேனுக்குப் புகை போடாமல் அவள் ஒருநாளும் பால் ஊற்றியதில்லை. கனன்ற விறகுத் துண்டை உள்ளே போட்டு உருட்டி, மூக்கை விட்டு மோந்து பார்த்து, மனசுக்குப் பிடித்தால்தான் பால் இறங்கும். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "தண்ணியா? இந்த ஊர்ல பால விடத் தண்ணிதான்டா விலை. உனக்கு எதுக்கு நான் ஓசியில ஊத்தணும்?" என்பாள். வறட்சி வருடங்களில் அது நிஜமும்கூட.

கணவன் இறந்தபோது மகன் தீரியேவுக்கு ஐந்து வயது. குர்ஆன் பள்ளி உஸ்தாதுக்குத் தினம் ஒரு சொம்பு பால் என்று பேசி, ஆறு வருடம் ஓத வைத்தாள். கஞ்சத்தனம் பார்க்காத ஒரே இடம் அது. பையனுக்கு நல்ல குரல். அரபு எழுத்து எதைக் காட்டினாலும் தடுமாறாமல் படிப்பான். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. எங்களில் யாருக்குத்தான் தெரியும்? ஓதத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டோம்.

பத்தொன்பது வயதில் சொல்லாமல் கொள்ளாமல் படகேறி அக்கரைக்குப் போனான். அந்த அரபு நாட்டின் பெயரை எங்கள் சந்தையில் யாரும் சொல்வதில்லை, அக்கரை என்றால் போதும். எல்லை மலையைத் தாண்ட வைக்கிறேன் என்று கூட்டிப்போன வழிகாட்டி, இவனையும் சேர்த்து நான்கு பையன்கள் முதுகில் ஆளுக்கொரு மூட்டை ஏற்றினான். மாவு என்றானாம். காவலர்கள் பிரித்துப் பார்த்தபோது மூன்று மூட்டையில் மாவுதான் இருந்தது. தீரியேயின் மூட்டையில் கஞ்சா இருந்தது. வழிகாட்டி ஓடிவிட்டான்.

நான்கு நாள் அடித்து ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு நீதிபதி முன் நிறுத்தி, அதே காகிதத்தை நீட்டி, படிக்கத் தெரியுமா என்று சைகையில் கேட்டார்கள். பையனுக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. நல்ல பெயர் வாங்கலாம் என்று நினைத்தானோ என்னவோ, நிமிர்ந்து நின்று, உஸ்தாத் சொல்லிக்கொடுத்த மாதிரியே முதலிலிருந்து கடைசிவரை படித்தான். தெரிந்தேதான் சுமந்தேன், இதுதான் என் தொழில் என்று அதில் எழுதியிருந்தது. இவ்வளவு நன்றாகப் படிக்கிறவனுக்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று அன்றைக்கே விசாரணையை முடித்துவிட்டார்கள். தலையை வெட்டச் சொல்லித் தீர்ப்பு.

மூன்று வருடமாக வியாழன் காலை பத்து மணிக்குப் போன் வரும். சிறையில் அந்தக் கட்டிடத்துக்கே ஒரு போன், ஆளுக்கு மூன்று நிமிடம். தண்டனை நிறைவேற்றும் நாளை வீட்டுக்கு முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். உடலையும் தர மாட்டார்கள். போன் வராத வியாழன்தான் எங்களுக்குச் சேதி. அதனால் வியாழக்கிழமைகளில் அம்பரோ பாலை அளக்கும்போது கை நடுங்கும். அன்றைக்கு வாங்குகிறவர்களுக்கு அளவு கூடுதலாகக் கிடைக்கும். விவரம் தெரிந்தவர்கள் வியாழன்தான் வருவார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

போன ரஜப் மாதம் சமதர் பெரியவர் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். எங்கள் குலத்தில் முப்பது கொலை வழக்காவது பேசி முடித்தவர். செத்தவன் வீட்டுக்கு ரத்த ஈடாக நூறு ஒட்டகம் என்பது கணக்கு. அதைப் பேசிப்பேசியே அறுபதுக்கு இறக்குகிற வாய் அவருக்கு.

"அம்பரோ, ஒம் பையன் கேசு ஏன் நகரலன்னு தெரியுமா? நீங்க இல்ல இல்லன்னே சொல்லிக்கிட்டிருக்கீங்க. இல்லங்கிறவன்கூட எவன் ஒக்காந்து பேசுவான்? மொதல்ல ஆமான்னு சொல்லணும். அப்பத்தான் ஒட்டகப் பேச்சே ஆரம்பிக்கும்" என்றார்.

"அவன் தெரிஞ்சு செய்யலியே பெரியப்பா."

"செஞ்சானா இல்லியான்னு இப்ப யாரு கேட்டா? குலமே செஞ்சதா ஒத்துக்குவோம். நானுந்தான் செஞ்சேன், போ!"

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். ஒருவன் குத்தினால் எல்லோரும் குத்தினோம் என்று போய் நிற்போம், எல்லோரும் சேர்ந்து கொடுப்போம், பகை தீரும். அம்பரோ ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒட்டகத்த யாரு வீட்டுல கொண்டுபோய்க் கட்டுறது? இதுல செத்தது யாரு?"

பெரியவர் தாடியைத் தடவினார். "அத அவங்க சொல்லுவாங்க."

அந்தக் கேள்வியை அங்கேயே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். யாரும் பிடிக்கவில்லை, நானும் பிடிக்கவில்லை. எங்கள் பிள்ளை தப்புச் செய்தான், ஒப்புக்கொள்கிறோம், ஈடு கொடுக்கிறோம், மன்னியுங்கள் என்று உஸ்தாத் ஒரு பக்கம் முழுக்க நல்ல அரபியில் எழுதினார். ஓதிக் காட்டியபோது கேட்கவே இனிமையாக இருந்தது. மை தொட்ட அம்பரோவின் கட்டைவிரலைப் பிடித்துத் தாளில் அழுத்தியது நான்தான். பெர்பெரா துறைமுகத்திலிருந்து ஆட்டுக் கப்பலில் அக்கரைக்குப் போகும் என் தம்பி கெல்லேயிடம் கொடுத்தனுப்பலாம் என்று சொன்னதும் நான்தான்.

அடுத்த வியாழன் சரியாகப் பத்து மணிக்குப் போன் வந்தது. அம்பரோ ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு, சந்தோஷமாகக் கடிதத்தைப் பற்றிச் சொன்னாள்.

"தீரியே? கண்ணு?"

"அம்மா, அத அனுப்பாத. மூணு வருசத்துல மொத தடவையா ஒரு வக்கீல் வந்திருக்காரு. பையன் படிச்சான், ஆனா ஒண்ணும் புரியாமப் படிச்சான்னு மேல்கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்காரு. பெத்தவளே ஆமான்னு கைநாட்டு வெச்சா, அதுக்கப்புறம் எவன் என்னை நம்புவான்? அம்மா, அது இங்க வரக்கூடாது, அம்மா..."

நேரம் முடிந்து போன் அறுந்தது. அம்பரோ இரண்டு பால் கேனையும் திறந்தது திறந்தபடி விட்டு எழுந்தாள். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

கடிதம் போகும் கப்பல் அன்று மாலை கிளம்புகிறது. கெல்லேயின் போன் அணைந்து கிடந்தது. ஆடு ஏற்றிய லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு ஷேக் மலைப் பாதை வழியாகப் பெர்பெராவுக்கு இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் கொஞ்சம் நிதானித்தால், "ஏம்ப்பா, ஆட்டுக்குத் தலை சுத்துதா, ஒனக்குச் சுத்துதா?" என்று அம்பரோ கேட்டாள். வழியெல்லாம் அந்தக் கட்டைவிரலை முந்தானையில் தேய்த்துக்கொண்டே வந்தாள். நகக்கண்ணில் நீல மை போகவில்லை.

பெர்பெரா வெயிலில் துறைமுகக் காவலாளி எங்களை உள்ளே விடவில்லை. அம்பரோ கெஞ்சவில்லை. "நீ யாரு வீட்டுப் புள்ள? பாட்டன் பேரச் சொல்லு" என்றாள். அவன் சொல்ல, இவள் சொல்ல, ஒன்பதாவது பாட்டனில் வந்து இரண்டும் முட்டியது. "அத்த, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று ஆளனுப்பினான். கெல்லே ஆட்டு நாற்றத்தோடு ஓடிவந்து, சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தான். மடிப்புக் கலையாமல் இருந்தது.

அம்பரோ அதை நாலாக, எட்டாகக் கிழித்தாள். பக்கத்தில் நின்ற கிடாவிடம் நீட்டினாள். அது தின்றது. மூன்று வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கெல்லே தலையைச் சொறிந்தான். "எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க? பெரியவரு அன்னிக்கே போட்டோ எடுத்து நம்ம குல குரூப்புல போட்டுட்டாரே. அசல் தாள் பின்னாடி வருதுன்னு சொல்லி, அக்கரையில இருக்கிற நம்மாளு ஒருத்தன் அத அச்சடிச்சு ஞாயித்துக்கெழமையே கோர்ட்டுல குடுத்துட்டானே." பிறகு என்னைப் பார்த்தான். "ஏன்க்கா, நீயுந்தான ஆமீன் போட்டிருந்த?"

போனைத் திறந்து பார்த்தேன். உஸ்தாதின் கையெழுத்து, கீழே நீலத்தில் அம்பரோவின் விரல். அதற்கடியில் நாற்பத்துமூன்று ஆமீன். குரூப்பில் ஒரு நாளைக்கு நூறு துஆ, வேண்டுதல் வரும். பார்க்காமலே ஆமீன் போட்டுவிட்டு டீ ஆற்றப் போவது என் வழக்கம். ஏழாவது ஆமீன் என்னுடையது.

அம்பரோ என்னைத் திட்டவில்லை. சந்தையே நடுங்குகிற வாய் அவளுக்கு, ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். லாரி வருகிறதா என்று பார்த்தபடி துறைமுக வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் இரண்டு வியாழன் போன் வரவில்லை. அந்த இரண்டு வாரத்தை நான் எழுதப் போவதில்லை. சமதர் பெரியவர் மட்டும் வீடு வீடாகப் போய், அறுபத்திரண்டு ஒட்டகத்துக்கு வாக்கு வாங்கிவிட்டேன் என்று வந்து சொன்னார். அவருக்கு டீ கிடையாது என்று நான் சொன்னேன். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

மூன்றாவது வியாழன் பத்தரைக்கு மணி அடித்தது. அம்பரோ அவசரமாக எடுத்ததில் போன் பாலில் விழப் பார்த்தது. நான்தான் பிடித்து அழுத்திக் கொடுத்தேன்.

"அம்மா, மேல்கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஒன் கடுதாசிய நீட்டி, ஒங்கம்மா என்ன எழுதியிருக்கான்னு படின்னாங்க."

"படிச்சியா?"

"இல்லம்மா. போன தடவ படிச்சுத்தான் இந்தக் கதிக்கு ஆளானேன். எனக்குப் பயமாயிருச்சு. படிக்கவே தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"பழைய கேசுக் கட்டப் பொரட்டிப் பாத்தாங்க. தடுமாறாமப் படிச்சான்னு அதுல எழுதியிருக்காம். ஒருத்தரு சிரிச்சாரு. வக்கீல் நெத்தியில கைய வெச்சுக்கிட்டாரு. அம்மா, நான் சொன்னது தப்பா?"

அம்பரோ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தப்பில்ல கண்ணு. சரியாத்தான் சொன்ன. ஒனக்குப் படிக்கத் தெரியாது, ஒங்கம்மாவுக்கும் தெரியாது. நேரத்துக்குச் சாப்பிடு."

போன் அறுந்தது. அவள் கேனைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எப்லா, அவன் சரியாத்தான சொன்னான்?"

சந்தையில் யார் எது சொன்னாலும் பதிலுக்குப் பத்து சொல்கிறவள் நான்.

"சரியாத்தான்க்கா சொன்னான்" என்றேன். ஏழாவது ஆமீனைப் போட்ட அதே கையால் அவளுக்கு டீ ஊற்றினேன். அவள் குடிக்கவில்லை. அடுத்த வியாழனுக்கு எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.