கழுத்தில் கொஞ்சம் கரி

பளபளப்பது எல்லாம் சரியாக வேலை செய்யும் என்று உங்களுக்கு யார் சொன்னது? க்ளெனிஸ் ட்ரெவாரோவிடம் சொல்லிப் பாருங்கள். சுடுதளத்துத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, மறுபடி நிரப்பிச் சுடுவதற்காக, சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூட்டின் கழுத்துக்குள் நைலான் தூரிகையை விட்டு ஒரே ஒரு சுற்றுச் சுற்றுகிறார். உள்ளே மெல்லிய கரி மிச்சம் இருக்கிறது. அதை வேண்டுமென்றேதான் விடுகிறார்; அந்தக் கரி இருந்தால்தான் புதுக் குண்டு சிக்காமல் சீராக உள்ளே இறங்கும்.

"சாப்பிடுற தட்டா இது, வழிச்சுத் துடைக்க?"

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். இன்னும் பேருந்தின் கடைசி இருக்கைக்குக் கேட்கிற குரலில்தான் பேசுவார். கூட்டுக்குள் குண்டைக் கையால் அழுத்தும்போது மட்டும் வாய் மூடிக்கொள்ளும். எல்லாக் கழுத்தும் குண்டை ஒரே இறுக்கத்தில் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் தொள்ளாயிரம் மீட்டருக்கு அப்பால் ஒன்று மேலே போகும், ஒன்று கீழே விழும். இறுக்கம் மாறினால் விரலுக்குத் தெரிந்துவிடும். "சண்டிக் கழுதை!" என்று திட்டி, அதைப் பிஸ்கட் டப்பாவில் எறிவார்.

துப்பாக்கிச் சுடும் சங்கத்தின் தலைவர் டெஸ்மண்டும் அவருடைய மைத்துனர் நெவிலும் கூடுகளை உள்ளும் புறமும் மோதிரம்போல மெருகேற்றுகிறவர்கள். மாவட்ட அணியில் மிச்சமிருந்த ஓர் இடத்தை நெவிலுக்கென்றே டெஸ்மண்ட் வைத்திருந்தார். க்ளெனிஸ் அந்த இடத்தைத் தனக்குக் கேட்டார்.

"லேடீஸுக்குத்தான் தனிக் கோப்பை இருக்கே, க்ளெனிஸ். அடுப்புக் கரியோட அணியில எதுக்கு?"

தனிக் கோப்பை! வாசலுக்கு வெளியே நிறுத்துவதற்கு எத்தனை மரியாதையான பெயர்.

"அந்தக் கோப்பையில நீ டீ குடி, டெஸ். காத்து என்ன ஆம்பள பொம்பள பாத்தா அடிக்குது? நானும் உன் மச்சானும் பக்கத்துல பக்கத்துல படுத்துச் சுடுறோம். யாருக்கு இடம்னு குறி அட்டை சொல்லட்டும்."

போன சனிக்கிழமை சுட்டார்கள். நெவிலின் குண்டுகள் அட்டையில் ஏணி வைத்ததுபோல மேலும் கீழும் ஏறி இறங்கின. க்ளெனிஸுடையவை ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கின.

"அதிர்ஷ்டம்" என்றார் டெஸ்மண்ட்.

"அப்படியா? அதுக்கு இன்னொரு வாய்ப்புக் குடுப்போமே!"

மறுபடியும் அதே ஏணி, அதே தட்டு. முதலில் சிரித்தவர் நெவில்தான். பாயில் புரண்டு புரண்டு சிரித்தார்.

"மச்சான், கரியம்மாவுக்கே சீட்டைக் குடுத்துரு! க்ளெனிஸ், அந்தத் தூரிகையை எனக்கும் கொஞ்சம் காட்டு!"

டெஸ்மண்ட் அணிப் பலகையில் க்ளெனிஸின் பெயரை எழுதினார். க்ளெனிஸ் கரி படிந்த கையை நீட்டினார். டெஸ்மண்ட் கைக்குட்டையை எடுத்தார், சற்று யோசித்தார், திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு அந்தக் கையை இறுகப் பற்றினார்.

வரும் சனிக்கிழமை அணி புறப்படுகிறது. வழியனுப்ப வாருங்கள். அந்தக் கையை நீங்களும் குலுக்குங்கள், துடைத்துக்கொள்ளாதீர்கள்.