எனக்கென்று சொன்ன முதல் ஓட்டம்

நாங்கள் கல்கத்தாவிலிருந்து மாற்றலாகி மயூர் விஹாருக்கு வந்த குளிர்காலத்தில், ஏற்கெனவே டெல்லியில் இருந்த மாமாவும் எங்களோடு வந்து சேர்ந்துகொண்டார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அத்தை ஊரில் இருக்கிறாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்கு எட்டு வயது. மாமாவின் கல்யாணத்தில் ஒரே ஒரு நாள் பார்த்த அத்தையைவிட, மாமா கொண்டுவந்த கார் ரேஸ் பெட்டிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஆபீஸில் யாரோ மகனுக்கு வாங்கி, மகனுக்கு அலுத்துப்போய், மாமாவிடம் வந்த பெட்டி அது. கறுப்புப் பிளாஸ்டிக் சாலை. அதன் நடுவே நீளமாக ஒரு பள்ளம். காரின் அடியிலிருக்கும் முனை அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். கையிலுள்ள விசையை அழுத்தினால் கரண்டில் ஓடும். கண்ணாடி போட்டு அடைத்த பால்கனியில் ஒரு ப்ளைவுட் பலகைமேல் மாமா அதைப் பொருத்தினார். ஆனால் ஓட்டவில்லை. சாலை என்றால் ஓரத்தில் ஊர் இருக்க வேண்டும் என்றார். ஊரை நான் செய்ய வேண்டும். எல்லாம் முடிந்ததும் முதல் ஓட்டம் எனக்கு. இதுதான் ஒப்பந்தம்.

ஞாயிறுதோறும் வேலை நடந்தது. பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைப் பிய்த்துக் குச்சியில் ஒட்டினால் வேப்பமரம். மரத்தூளில் சாயம் கலந்தால் புல். மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள் டீக்கடைக்குக் கூரை. மாமா ஸ்கேலும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்து உத்தரவு போடுவார். மரம் இடப்பக்கம் சாய வேண்டும். பஸ் ஸ்டாப் பெஞ்சுக்கு ஒரு கால் இருக்கக் கூடாது. பின்சுவரில் பாதிவரைதான் நீலம். நான் ஆசைப்பட்டு முழுச்சுவருக்கும் அடித்துவிட்டபோது, பிளேடால் சுரண்டிப் பாதியாக்கினார். என் கணக்கு டீச்சர்கூட இவ்வளவு கறார் இல்லை. முடிந்ததா என்று கேட்டால் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்னும் ஒன்று குறைகிறது என்பார். என்னவென்று சொல்ல மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் நல்லெண்ணெய் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு ஆட்டோவில் போனோம். பகல் பதினொரு மணிக்கும் பனி விலகவில்லை. வழக்கமான வழியில் நெரிசல் என்று ஆட்டோக்காரர் வேறு சாலையில் திருப்பினார். பனிக்குள்ளிருந்து ஒரு வேப்பமரம் வந்தது. இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதைத் தாண்டி ஒரு சுவர், பாதிவரை நீலம்.

"அடுத்து டீக்கடை வரும்மா. தகரக் கூரை."

வந்தது. அதற்கடுத்து பஸ் ஸ்டாப்பும், ஒரு கால் இல்லாத பெஞ்சும் வந்தன. யாருமே இல்லை.

அம்மாவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. "பையா, ஜல்தி சலோ" என்று ஆட்டோக்காரரை விரட்டினாள். இதற்கு முன்னால் யார் உன்னை இங்கே கூட்டிவந்தது என்று என்னைக் கேட்டாள். யாருமில்லை, இதை நான்தான் செய்தேன் என்றேன். எண்ணெய் வாங்கப் போனவள் அப்பளத்தோடு திரும்பினாள். வீட்டு வாசலில் குனிந்து, "ஏட்டி, மாமாட்ட இதப் பத்தி மூச்சு விடக் கூடாது" என்றாள்.

நான் பலகையில் செய்வதெல்லாம் டெல்லியில் எங்கோ முளைத்துவிடுகிறது என்று முடிவுகட்டிவிட்டேன். தலைக்கனம் பாதி, பயம் பாதி. பால்கனிக்குத் தனியாகப் போகவே இரண்டு நாள் தயங்கினேன். போனபோது குறை கண்ணில் பட்டது. அங்கேயும் சரி, இங்கேயும் சரி, பஸ் ஸ்டாப்பில் ஆளே இல்லை. பல்குத்தும் குச்சியில் கொத்தமல்லி விதையைத் தலையாக ஒட்டி ஒரு பெண்ணைச் செய்தேன். புல்லுக்குப் போக மிஞ்சியது பச்சைச் சாயம்தான். துணித்துண்டை அதில் முக்கிப் புடவை சுற்றினேன்.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த மாமா தோள்பையைக்கூட இறக்காமல் வெகுநேரம் நின்றார்.

"பச்சைன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அதான் மிச்சம் இருந்துச்சு."

"அவ நின்னுக்கிட்டு இருந்தான்னு?"

"பெஞ்சுல உக்கார முடியாதுல்லா."

மாமா தரையில் உட்கார்ந்து விசையைக் கையில் எடுத்தார். கார் மெதுவாக வளைவு திரும்பி, அந்தப் பெண்ணின் முன்னால் வந்து நின்றது. "வந்துட்டேன்" என்றார். என்னிடம் அல்ல. அவளை இரண்டு விரலால் தூக்கிக் காரின்மேல் வைத்தார். கார் ஒரு சுற்றுப் போய்வந்தது. மறுபடியும் போனது. அவள் விழவே இல்லை. அம்மா சமையலறை வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அத்தை அந்த ஸ்டாப்பில் காத்துக்கொண்டு நின்றதும், அழைத்துப்போக வருகிறேன் என்ற மாமா அரைமணி நேரம் பிந்தியதும், அதற்குள் ஒரு பஸ் தறிகெட்டு அவள்மேல் ஏறியதும், பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும். புடவை பச்சை என்றும் அப்போதுதான் சொன்னாள். உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். சாயம் மிஞ்சியது என்று மறுபடியும் சொன்னேன். அவள் நம்பவில்லை. இப்போது எனக்கும் அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எனக்கென்று சொன்ன முதல் ஓட்டத்தை மாமா அவளுக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கோபத்தில் இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.